மூன்றாவது போர்டைக் கழற்றிய பிற்பகல்

எங்கள் பழைய மாணவர் சங்கம் இம்முறை நினைவு மலர் போடுகிறது. ஓய்வுபெற்றவர்கள் தங்கள் தொழில் அனுபவத்தை எழுத வேண்டுமாம். டொக்டர்மார் எழுதிவிட்டார்கள். எக்கவுண்டன்மார் எழுதிவிட்டார்கள். விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றிய ஒருவர் எழுதியதை வாசித்து நான் ரயிலில் வாய்விட்டுச் சிரித்து, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார். கடைசியில் மலர்க்குழு என்னைப் பிடித்தது.

"நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள் எண்டு சங்கத்திலை ஒருத்தருக்கும் தெரியாது அண்ணை. அதையாவது எழுதுங்கோவன்" என்றார் மலராசிரியர்.

அவரைக் குறை சொல்ல முடியாது. என் மனைவிக்கே தெரியாது. கலியாணம் முடித்த புதிதில் மாமி கேட்டபோது, "கேர்னலிலை வேலை மாமி" என்று பெருமையாகச் சொன்னேன். "எந்த நாட்டு ஆமியிலை தம்பி?" என்று பயந்துபோய்க் கேட்டார். இராணுவக் கேர்னல் இல்லை, கொம்பியூட்டருக்குள் இருக்கும் கேர்னல் என்று விளக்கியதும் பயம் போய்விட்டது. மரியாதையும் அதோடு போய்விட்டது.

நான் லண்டன் வந்தது, பெற்றோல் செற்றில் வேலைக்கு நின்றது, குளிரில் இரண்டு பஸ் மாறிப் பகுதிநேரமாகப் படித்தது, வேலை தேடி அலைந்தது எல்லாம் இந்த மலரிலேயே வேறு பலர் எழுதியிருப்பார்கள். பெயரை மட்டும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள். நான் நேரே இரண்டாயிரங்களின் நடுப்பகுதிக்கு வருகிறேன். லூயிஷாமில் வீடு. சேவர்கள் என்னும் பெரிய கொம்பியூட்டர்களைச் செய்யும் ஒரு கம்பனியில் உத்தியோகம். அந்தக் கம்பனியை வேறொரு கம்பனி வாங்கி, அதை இன்னொன்று வாங்கி, கடைசியாக வாங்கியவர்கள் எனக்கு ஐம்பத்தைந்து வயதிலேயே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆகவே பெயர் தேவையில்லை.

அந்த சேவர் ஒவ்வொன்றும் ஒரு பிரிஜ் உயரம். அதன் நினைவகம், அதாவது மெமரி, இழுத்துத் திறக்கும் அலுமாரி லாச்சிகள் மாதிரி போர்ட் போர்டாக இருக்கும். ஒரு போர்ட் பழுதானால் மெஷினை நிறுத்தாமலே அந்த லாச்சியை இழுத்து வெளியே எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம். இதுதான் எங்கள் விளம்பரம். இதைச் சொல்லித்தான் விற்றார்கள். ஓடுகிற பஸ்ஸில் சில்லு மாற்றுவது போன்ற இந்தக் காரியத்தை உண்மையில் எப்படிச் செய்வது என்பதை எங்களிடம் விட்டுவிட்டார்கள்.

விளங்குவதற்கு ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டோவில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அறை அறையாக வாடகைக்கு இருந்தோமே, அந்த மாதிரி வீடு. வீட்டுக்காரர் ஒருவர், மின்சாரமும் பூட்டுகளும் அவர் கையில். மெஷினுக்குள் அந்த வீட்டுக்காரருக்குப் பெயர் பேர்ம்வேர். உள்ளே குடியிருப்பவர்களுக்குத் தலைவர் ஒருவர். யார் எந்த அறையில் படுப்பது, யார் எப்போது சமைப்பது என்று பங்குபோடுபவர். அவர்தான் கேர்னல். மெமரி போர்ட் என்பது ஓர் அறை. அறையைத் திருத்த வேண்டுமென்றால் வீட்டுக்காரர் கதவில் தட்டி, "இதைக் காலி பண்ணு" என்பார். கேர்னல் அங்குள்ள தட்டுமுட்டுகளை மற்ற அறைகளுக்கு மாற்றவேண்டும்.

பழைய முறையில் ஒரு சின்னக் குறை இருந்தது. கேர்னலுக்குக் காது இருந்தது, வாய் இல்லை. காலி பண்ணினேனா, முடியவில்லையா, பாதியில் நிற்கிறேனா என்று திருப்பிச் சொல்ல வழியே கிடையாது. வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சத்தம் இல்லையே, காலிதான் என்று நினைத்து மெயினை நிறுத்திவிடுவார். உள்ளே யாராவது குளித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த நாட்களில் வந்த புதிய விதிமுறை கேர்னலுக்கு ஒரு வாய் கொடுத்தது. ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எண். பூச்சியம் என்றால், காலி, எடுத்துக்கொள். எண்பத்திரண்டு என்றால், முடியாது, ஆள் இருக்கிறது. எண்பத்து நான்கு என்றால், காலி பண்ணிக்கொண்டிருக்கிறேன், பொறு. எங்கள் கேர்னலுக்கு அந்த வாயை வைத்துத் தைக்கிற வேலை என்னிடம் வந்தது.

என் மேலதிகாரி ஹெலன். ஒல்லியான, நரைத்த தலைப் பெண்மணி. மழையோ பனியோ சைக்கிளில்தான் வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் இருந்த ஒரே ஆயுதம், "அதன் பிறகு?" என்ற கேள்வி. நீங்கள் ஏதாவது சொல்வீர்கள். "அதன் பிறகு?" என்பார். இன்னும் கொஞ்சம் சொல்வீர்கள். "அதன் பிறகு?" மூன்றாவது தடவையில் எனக்கு இடது காது சூடேறும். அதற்குமேல் போனால் காரணமில்லாமல் எல்லாருக்கும் நன்றி சொல்லத் தொடங்கிவிடுவேன். பதற்றம் வந்தால் என் சுபாவம் அது. ஒருமுறை அவர் அறையை விட்டு வெளியே வரும்போது கதவுக்கும் நன்றி சொல்லியிருக்கிறேன்.

நான் எழுதியதைச் சரிபார்க்க ஹெலன் ஒரு முறை வைத்திருந்தார். மேசை நடுவில் என் தேநீர் நிறைந்த மக் ஒன்று. அதுதான் மெமரி போர்ட். ஹெலன் பேர்ம்வேர். நான் கேர்னல். போர்டைக் கழற்றும் கையாக நேசன் அண்ணை. அவர் எங்கள் ஹாட்வெயார் ரெக்னீஷியன். ஊர் கரவெட்டி, இடையில் ஜேர்மனியில் பத்து வருடம். ஸ்குரூ முடுக்கும்போது ஜேர்மன் மொழியில் திட்டுவார்.

விதி மிகவும் கடுமையானது. ஹெலன் ஒரு கேள்வி கேட்பார். நான் அச்சடித்த தாளில் என் நிரலின், அதாவது புரோகிராமின், எந்த வரி அதற்குப் பதில் சொல்கிறதோ அந்த வரியில் விரலை வைத்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வரி இல்லையென்றால் வாய் திறக்கக்கூடாது. சொந்தமாக ஒரு சொல்கூடச் சேர்க்கக்கூடாது. நான் கடைசியாக என்ன சொன்னேனோ அதை மட்டும் வைத்துத்தான் ஹெலன் முடிவெடுப்பார். அவர் முடிவைச் சொன்ன பிறகுதான் கை அசையலாம். அசையுமுன் கையும், "எடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

முதல்நாள் ஹெலன் கேட்டார்: "இரண்டாவது போர்டைக் காலி பண்ணும் நடுவில் அதே போர்டை மறுபடியும் கேட்கிறேன். பதில்?"

தாளைத் தடவினேன். வரி இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஹெலன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பதில் இல்லை. மின்சாரத்தை நிறுத்துகிறேன்" என்றார். நேசன் அண்ணை, "எடுக்கிறேன்" என்று அறிவித்து, மக்கைத் தூக்கி என் தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

"உன்ரை டேட்டா நல்லாத்தான் இருக்கு தம்பி. சீனிதான் கொஞ்சம் கூட."

இப்படிப் பல வாரங்கள் நடந்தன. அவர் எவ்வளவு தேநீர் குடித்தாரோ, அவ்வளவுக்கு என் நிரலில் வரிகள் கூடின. ஓர் இடத்தில்தான் சிக்கல் மறைந்திருந்தது. அறைக்குள் நகர்த்தவே முடியாத ஒரு சாமான் இருந்தால் என்ன பதில் சொல்வது? நான் எழுதியிருந்தது: "காலி பண்ணிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல், பிறகு மீண்டும் முயற்சி செய்.

"அதன் பிறகு?" என்றார் ஹெலன்.

"மீண்டும் முயற்சி. எப்படியும் ஒரு கட்டத்தில் நகரும்."

தாளை நீண்ட நேரம் பார்த்தார். அதற்குள் அவரை யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். அந்த வரி தப்பிவிட்டது.

ஏன் அப்படி எழுதினேன் என்பதற்கு நீங்களே சாட்சி. எங்கள் ஆட்களில் யாராவது முகத்துக்கு நேரே "ஏலாது" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வடக்கு லண்டனில், எட்மண்டனில், ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீடு, அதே நாள் இந்தப் பக்கம் ஒரு பிறந்தநாள். இரண்டு பேருக்கும், "பாப்பம், வரத்தான் பாக்கிறம்" என்போம். அழைத்தவருக்கும் விளங்கும், சாப்பாடு ஓடர் பண்ணும்போது எங்கள் தலையைச் சேர்க்கமாட்டார். ஒருவருக்கும் மனம் நோகாது. என் கை அந்தப் பழக்கத்தில் தானாகவே எழுதிவிட்டது. கேர்னலையும் எங்கள் வீட்டுப் பிள்ளையாக வளர்த்துவிட்டேன். ஆனால் பேர்ம்வேரை எழுதியவர்கள் எட்மண்டன் சாமத்தியவீட்டுக்கு ஒருநாளும் போனதில்லை. பொறு என்றால் அது பொறுக்கும். எவ்வளவு நேரமும் பொறுக்கும்.

இனி அந்தப் பிற்பகல்.

டொக்லண்ட்ஸில் ஒரு மருந்து மொத்த வியாபாரி எங்கள் மெஷின் ஒன்றை வைத்திருந்தார். மறுநாள் காலை எந்த மருந்துக்கடைக்கு எந்த மருந்து, எந்த டெலிவரி வானில் போகவேண்டும் என்பதை அந்த மெஷின் பிற்பகல் முழுவதும் பிரித்துக்கொண்டிருக்கும். அன்று அதன் மூன்றாவது மெமரி போர்ட் தடுமாறத் தொடங்கியது. சின்னச் சின்னப் பிழைகள், மெஷினே திருத்திக்கொள்ளும். ஆனால் பிழைகள் வரும் வேகம் கூடிக்கொண்டே போனது. திருத்த முடியாத பிழை ஒன்று வந்தால் மெஷின் விழும், பிரித்ததெல்லாம் போகும், காலையில் வான்கள் வெறும் வயிற்றோடு முற்றத்தில் நிற்கும். போர்டை உடனே கழற்ற வேண்டும். என் நிரல் முதன்முதலாக நிஜத்தில் வாய் திறக்கப்போகும் நாள்.

"நீயும் நேசனும் போங்கள். நான் போனில் இருக்கிறேன்" என்றார் ஹெலன். நன்றி சொன்னேன்.

அந்த சேவர் மண்டபத்துக்குப் பொறுப்பானவர் கிரகாம். பெரிய உருவம், சின்னக் குரல். "என் மாமியாரின் மாத்திரைகளும் இதில்தான் வருகின்றன. அவருக்கு மாத்திரை கிடைக்காத நாளில் நீங்கள் அவரைச் சந்திக்கக்கூடாது" என்றார். அதற்கும் நன்றி சொன்னேன்.

"இன்னும் ஒண்டும் நடக்கேல்லை. அதுக்குள்ளை ஏன்டா எல்லாருக்கும் தாங்க்யூ?" என்று நேசன் அண்ணை காதுக்குள் கேட்டார்.

அவர் மூன்றாவது போர்டின் பொத்தானை அழுத்தினார். பேர்ம்வேர் கேட்டது: எடுக்கலாமா? என் கேர்னல் சொன்னது: காலி பண்ணிக்கொண்டிருக்கிறேன். போர்டின் மஞ்சள் விளக்கு மினுங்கத் தொடங்கியது. காலியானதும் அது அணையும், அணைந்ததும் இழுக்கலாம்.

திரையில் பார்த்தேன். சாமான்கள் அழகாக நகர்ந்துகொண்டிருந்தன. பெரும்பகுதி முடிந்தது. கிட்டத்தட்ட முழுவதும் முடிந்தது. பிறகு நின்றுவிட்டது. ஒரு துண்டு இடம் மட்டும் அசையவில்லை. யாருடையது என்று தேடினேன். நெட்வேர்க் கார்ட் ஒன்று அதைப் பிடித்துவைத்திருந்தது. கார்டையே கழற்றினால் ஒழிய அந்த இடத்தை அது விடாது.

விளக்கு மினுங்கியது. கேர்னல் மீண்டும் முயன்றது. விளக்கு மினுங்கியது.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்றார் கிரகாம்.

"இதோ, முடியப்போகிறது" என்றேன்.

கார்டைக் கழற்றிவிடலாம், பக்கத்தில் இன்னொரு கார்ட் இருக்கிறது, வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் கார்டைக் கழற்றவும் பேர்ம்வேரின் அனுமதி வேண்டும். பேர்ம்வேரோ மூன்றாவது போர்ட் பற்றிய முடிவான பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. அதுவரை வேறெதையும் காதில் போடாது. அறையைவிட்டுக் கார்ட் போகாமல் அறை காலியாகாது. அறை காலியாகாமல் கார்டைப் போகவிடமாட்டார்கள். நடுவில் என் கேர்னல், பாப்பம், பாப்பம் என்று சிரித்துக்கொண்டு நிற்கிறது.

இடது காது கொதித்தது. அந்த மண்டபம் இறைச்சிக்கடைக் குளிர். எனக்கு மட்டும் வியர்த்துச் சேட் முதுகோடு ஒட்டியது. பேனை கையிலிருந்து விழுந்து, தரையில் காற்று வரும் துவாரத்துக்குள் போய்விட்டது. அதை எடுக்கக் குனிந்தபோது தலை மேசையில் இடித்தது. மேசைக்கு நன்றி சொன்னேன். பிழைகளின் கணக்கு திரையின் ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

"தம்பி, உண்மையைச் சொல்லு. இது வருமோ, வராதோ?" என்றார் நேசன் அண்ணை.

"வரும் அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ."

"நீ உன்ரை மெஷின் மாதிரியே கதைக்கிறாய்."

அப்போது போன் அடித்தது. ஹெலன்.

"நிலைமை என்ன?"

"காலி பண்ணிக்கொண்டிருக்கிறது."

"அது மெஷின் சொல்வது. எனக்கும் இங்கே தெரிகிறது. நான் உன்னைக் கேட்கிறேன். அது காலியாகுமா?"

திரையில் அசையாமல் நின்ற அந்தத் துண்டை மறுபடி பார்த்தேன். மக் மேசையில் இருப்பதுபோலவும், தாளில் அதற்கு வரி இல்லாததுபோலவும் இருந்தது.  

"இல்லை" என்றேன். "ஆகாது. எவ்வளவு நேரம் நின்றாலும் ஆகாது."

"நல்லது" என்றார் ஹெலன். அந்தச் சொல்லை அவர் பாராட்டாகப் பாவித்து நான் அதுவரை கேட்டதில்லை. "இனி வேலை செய்யலாம். அதன் பிறகு?"

அதன் பிறகு செய்ய இருந்தது ஒன்றுதான். கேர்னலின் வாயில் நானே கையால் பதிலைப் போடுவது. அதற்கு எங்களிடம் ஒரு கருவி இருந்தது. போர்டின் பெயரையும் பதில் எண்ணையும் கொடுத்தால் பேர்ம்வேருக்குச் சேர்ப்பித்துவிடும். எண்பத்திரண்டு கொடுத்தால், முடியாது. பேர்ம்வேர் விளக்கு மினுங்குவதை நிறுத்திவிட்டுத் தன் பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போகும். பூச்சியம் கொடுத்தால், காலி. அந்தக் கணமே மூன்றாவது போர்டின் மின்சாரம் நிற்கும். உள்ளே கார்டின் சாமான் இன்னும் இருக்கிறது. மெஷின் விழும், கிரகாமின் மாமியார் எழும்புவார்.

தட்டச்சு செய்தேன். விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. எண்டரில் விரலை வைத்தேன்.

"பொறு, பொறு" என்றார் நேசன் அண்ணை. "மக் இல்லாட்டியும் முறை முறைதான். வாயாலை சொல்லு. நான் கை. கை ஒண்டையும் தொடேல்லை." இரண்டு உள்ளங்கைகளையும் எனக்குக் காட்டினார். கிரகாம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

விரலை எடுத்துத் திரையில் அந்த வரிக்கு நேரே வைத்தேன். "நான் கேர்னல்" என்று தொடங்கினேன். "மூன்றாவது போர்டைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாவது போர்ட் காலியாகி..."

வாய் திறந்தபடியே நின்றது. திரையில் பூச்சியம் இருந்தது. நான் பதில் எண்ணை இடவே இல்லை. எண்ணை இடாமல் விட்டால் அந்தக் கருவி தானாகவே பூச்சியம் போட்டுக்கொள்ளும். அந்தக் கருவியை எழுதிய அறிவாளி யார் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவருக்கும் இடது காது சூடேறும்.

"என்ன, அண்டைக்கு மாதிரி நான் தேத்தண்ணியைக் குடிக்கப் பாத்தனோ?" என்றார் நேசன் அண்ணை. முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தார்.

அழித்தேன். எண்பத்திரண்டு என்று இட்டேன். மறுபடி தொடக்கத்தில் இருந்து சொன்னேன். "நான் கேர்னல். மூன்றாவது போர்டைத் தர ஏலாது. ஆள் இருக்கு." போனில் ஹெலன், "கேட்டேன். போர்டை எடுக்கவில்லை" என்றார். கை, "எடுக்கேல்லை" என்றது. எண்டர்.

விளக்கு மினுங்குவதை நிறுத்தி, அணையாமல் ஒரே சீராக எரிந்தது. பேர்ம்வேர் கோபிக்கவில்லை, காரணம் கேட்கவில்லை, பதிலைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குத் தயாராக நின்றது. நெட்வேர்க் கார்டைக் கேட்டோம். உடனே விட்டது. வேலை பக்கத்துக் கார்டுக்கு மாறியது. மறுபடி மூன்றாவது போர்டின் பொத்தானை அழுத்தினோம். காலி பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றது கேர்னல், இம்முறை உண்மையாகவே. நான் மூச்சை விட்டு முடிப்பதற்குள் விளக்கு அணைந்தது.

"எடுக்கிறன்" என்றார் நேசன் அண்ணை. எடுத்தார். புதிய போர்டைச் செருகினார். ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னார். அந்த ஒரு தடவை அது திட்டு மாதிரிக் கேட்கவில்லை. திரையில் மருந்துகள் ஒரு வினாடிகூட நிற்காமல் வான்களுக்குப் பிரிந்துகொண்டிருந்தன.

"இதன் பிறகு அந்த வரியைத் திருத்துகிறாய்" என்றார் ஹெலன் போனில்.

"நாளைக்கே."

"நாளைக்கா?"

"இல்லை. நாளைக்கு எனக்கு லீவு. திங்கட்கிழமை."

"திங்கட்கிழமை" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கிரகாமுக்கு உற்சாகம் பொங்கியது. ஓடுகிற மெஷினில் லாச்சி கழற்றி மாட்டியதை அவர் அன்றுதான் கண்ணால் பார்த்தார். "பிரமாதம்! பாருங்கள், ஐந்தாவது போர்டும் போன வாரம் ஒரு தடவை முனகியது. நீங்கள்தான் இங்கே நிற்கிறீர்களே, கையோடு அதையும்..."

 "ஏலாது" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் தமிழில் சொன்னது தெரிந்தது. கிரகாம் என் முகத்தைப் பார்த்தார். மொழிபெயர்ப்பு எதுவும் தேவைப்படவில்லை.

"சரி. அப்படியானால் எப்போது?"

"வியாழக்கிழமை."

"வியாழன் நல்லது" என்று தலையசைத்துவிட்டு, எங்களுக்குத் தேநீர் கொண்டுவரப் போனார்.

நேசன் அண்ணை ஸ்குரூ முடுக்கும் ஆயுதங்களைப் பைக்குள் போட்டபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அவ்வளவுதானோடா? இதுக்கோ இவ்வளவு காலமும் பயந்தனி?"